பொட்டு படுத்த பூட்ஸ்

ஷாலினி அப்பா,

கோபித்துக்கொண்டு உங்கள் தம்பி வீட்டுக்குப் போனாலும், டூட்டிக்குப் பூட்ஸ் எடுக்க வருவீர்கள் என்று தெரியும். கதவைத் திறந்ததும் பதறாதீர்கள். கட்டிலுக்கு அடியில் இருப்பது நம்ம பொட்டுதான். தீபாவளி வெடிக்குப் பயந்து ஓடிய அதே நாய்.

உங்கள் பூட்ஸில் வரும் இந்தத் தோல் டேனரி நாற்றத்தோடு இனிக் குடித்தனம் செய்ய முடியாது என்று நேற்று சொன்னேன் அல்லவா? சொன்னபடியே இன்று காலை உங்கள் பூட்ஸைத் தெருவில் வீசினேன். அந்த நேரம் பார்த்துப் பின் தெரு ஜாஸ்மின் டீச்சர் ஒரு நாயோடு வந்தார். கழுத்தில் சிவப்புப் பட்டை, உடம்பெல்லாம் ஷாம்பு வாசனை. எனக்கே அடையாளம் தெரியவில்லை. அது பூட்ஸை மோந்து பார்த்துவிட்டு, அதன்மேல் தலைவைத்துப் படுத்துவிட்டது.

"பிரின்ஸ், வாடா பிரின்ஸ்!" என்று டீச்சர் இழுக்கிறார், அசையவில்லை. எனக்குச் சந்தேகம் வந்து, "பொட்டு" என்று கூப்பிட்டேன். பாய்ந்து வந்து என்னைக் கீழேயே தள்ளிவிட்டது.

டீச்சர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இந்த நாத்தம்தான் அதுக்கு வீடுன்னா நான் இன்னாம்மா பண்றது? நீயே வச்சுக்கோ" என்று சொல்லிப் போய்விட்டார்.

மீன் குழம்பு அடுப்பின்மேல் இருக்கிறது. அது உங்களுக்கு. பொட்டுக்குத் தயிர்சோறு தனியாக வைத்திருக்கிறேன்.

என் கம்பெனி பஸ்காரன் ஹாரன் அடிக்கிறான், வருகிறேன்.

மறந்துவிட்டேன்: பூட்ஸும் கட்டிலுக்கு அடியில்தான். பொட்டு கொடுத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் இங்கேயே வந்து கழற்றுங்கள், இல்லாவிட்டால் பொட்டு தேடும்.

பொட்டு மட்டும்தான் தேடுமா என்று போன் போட்டுக் கேட்காதீர்கள்.