பெட்டி என்றால் எந்தப் பெட்டி

ஜூன் 2

எங்கள் கடைக்கு மூன்று பெயர் இருப்பது இன்றைக்குத்தான் தெரிந்தது. வாசல் பலகையில் ‘பெட்டி ரிப்பேர்’, அது நான் வைத்தது. மகன் அச்சடித்த நோட்டீசில் ‘லக்கேஜ் சர்வீஸ்’. மருமகள் போனில் போட்டு வைத்திருப்பது ‘டிராவல் பேக் கிளினிக்’. எனக்கு எழுத்து தெரியாது. மூன்றும் ஒன்றுதான் என்று இருந்துவிட்டேன். மருமகள்தான் வாசித்துக் காட்டினாள்.

“ஒரு புள்ளைக்கு மூணு பேரு வெச்சா, அது எந்தப் பேருக்கு மாமா திரும்பிப் பார்க்கும்?”

இந்தக் குறிப்பும் அவள் ஏற்பாடு. நான் பேசுகிறேன், போன் எழுதிக்கொள்கிறது. கொச்சையாகப் பேசினால் கண்டபடி எழுதுகிறதாம். அதனால் செய்தி வாசிப்பவர் மாதிரி பேசுகிறேன். நன்றாகத்தான் வருகிறது.

ஜூன் 3

பக்கத்து மருந்துக் கடைக்காரர் மறுபடி கேட்டார். நடுச்சுவரை இடித்து இரண்டு கடையையும் ஒன்றாக்கிக்கொள்வாராம். மாதக் கடைசிக்குள் பதில் வேண்டுமாம். மகனுக்குச் சம்மதம். “ஈ ஓட்டுறதுக்கு ஒரு கடையாப்பா? நான் ஓட்டுற கம்பெனி வண்டியே போதும்” என்கிறான். மருமகள் இந்த ஒரு மாதம் மட்டும் கொடு என்றாள். கொடுத்தான், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

ஜூன் 5

அவள் யோசனை இது: பலகை, நோட்டீஸ், போன், அவள் எடுக்கும் வீடியோ, எல்லாவற்றிலும் ஒரே சொல் இருக்க வேண்டும். சுற்றுவட்டாரத்து ஜனங்கள் போனில் எதைப் போட்டுத் தேடுகிறார்களோ, அந்தச் சொல். தேடுசொல் என்று அதற்குப் பெயராம். எது எது என்று போனே கணக்குக் காட்டுமாம்.

போனை எதற்குக் கேட்கிறாய், என்னைக் கேள் என்றேன். இந்தப் படி ஏறிய ஒருவரையும் நான் மறந்ததில்லை. பச்சை ரெக்சின் பெட்டி, இடது பூட்டு தெறித்தது. கொண்டுவந்தவர் மூக்குக்கண்ணாடியில் ஒரு பக்கம் விரிசல். மகன் பிறப்பதற்கு முந்தின வருஷம். அவரும் பெட்டி என்றுதான் சொன்னார். எல்லோரும் அப்படித்தான். வேறு சொல் எதற்கு?

அவள் ஏதோ சொல்ல வந்தாள். “அப்பா சொல்லிட்டாருல்ல, போடு” என்றான் மகன். சீக்கிரம் கடையை மூடலாம் என்கிற சந்தோஷம் அவனுக்கு.

ஜூன் 8

எங்கு பார்த்தாலும் பெட்டி. பலகைக்கும் புதுப் பெயின்ட். அமர்க்களம்!

ஜூன் 11

போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. ஒருவருக்கு இஸ்திரிப் பெட்டி சுடவில்லை. ஒருவருக்கு டிவிப் பெட்டியில் கோடு கோடாக வருகிறது. ஒரு பாட்டு வாத்தியார், “நம்ம பெட்டி சுருதி விலகிடுச்சு” என்றார். ஆர்மோனியமாம். மகன் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரிக்கட்டும்.

ஜூன் 12

காலையில் ஒரு பெண் குரல். “பெட்டி ஒண்ணு உடனே வேணுங்க.”

“என்ன அளவும்மா?”

“அப்பா கொஞ்சம் உயரம்.”

அட, என்னடா பண்ணி வெச்சிருக்கே கிழவா! சவப்பெட்டி செய்கிற தெரிந்த தச்சரின் நம்பரைக் கொடுத்தேன். அவர் நன்றாகச் செய்வார் என்றும் சொன்னேன். அந்தப் பெண் எனக்கு நன்றி வேறு சொன்னாள். அழுகிற வீட்டுக்கு நடுவில் நான் எதற்குப் போய் நிற்கிறேன்?

ஜூன் 13

போன் காட்டும் கணக்கை வாசிம்மா என்றேன். வாசித்தாள். சூட்கேஸ் வீல் உடைஞ்சு போச்சு. சூட்கேஸ் வீல் எங்கே மாத்துவாங்க. சூட்கேஸ் வீல், பக்கத்தில். திரும்பத் திரும்ப அதுதான்.

“வீல் கேட்டு யாரும் நம்ம கடைக்கு வந்ததே இல்லையேம்மா.”

“மாத்துவோம்னு நாம எங்கேயுமே சொல்லலையே மாமா. எப்படி வருவாங்க?”

நியாயம். என் ஞாபகத்தில் ஓட்டை இல்லை, அதை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் அதில் இருப்பதெல்லாம் வந்தவர்கள் முகம். வராமல் போனவர்களை எங்கே போய் ஞாபகம் வைப்பது?

ஜூன் 14

பெயின்டரை நானே கூப்பிட்டேன். “போன வாரம்தானே பெரியவரே எழுதினேன்?” என்றார். “அது போன வாரத்துப் புத்தி. அழி.”

இனி பலகையில் ‘சூட்கேஸ் வீல் ரிப்பேர்’. நோட்டீசிலும் அதே. வீடியோவில் அவள் வாய் திறந்தால் முதல் வார்த்தை அதே. போனை எடுத்து நான் சொல்வதும் அதே. பத்துத் தடவை சொல்லிப் பழகிவிட்டேன். நாக்கு இன்னும் பெட்டிப் பக்கம்தான் சாய்கிறது. இழுத்துப் பிடித்திருக்கிறேன்.

ஜூன் 17

ஒன்று வந்தது.

ஜூன் 20

இன்று நான்கு. ஒரு அம்மா, “இதெல்லாம் மாத்துவாங்கன்னே தெரியாதுங்க, பரண்ல தூக்கிப் போட்டுட்டேன்” என்றார். பரணில் இன்னும் இரண்டு இருக்கிறதாம். கொண்டு வாருங்கள் என்றேன். எத்தனை வீட்டுப் பரணில் எங்கள் வேலை தூங்கிக்கொண்டிருந்திருக்கிறது!

ஜூன் 29

மருந்துக் கடைக்காரர் பதில் கேட்டு வந்தார். மகன் கம்பெனிச் சட்டையைக்கூட மாற்றாமல், மடியில் ஒரு சூட்கேசைக் கவிழ்த்து வைத்து, திருகாணியைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தான். எடுத்துவிட்டுச் சொன்னான்: “இடமா? எங்களுக்கே பத்தலையேண்ணே.”

மருமகள் உள்ளே திரும்பிக்கொண்டாள். அழுதாளா சிரித்தாளா தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை.

ஜூலை 6

கடைக்குள் கால் வைக்க இடமில்லை. நான் மருந்துக் கடைப் படியில் உட்கார்ந்து ஜிப் தைக்கிறேன். “மருந்து வாங்க வர்றவங்களுக்குக் கொஞ்சம் வழி விடுங்க பெரியவரே” என்கிறார்.

விடுகிறேன். கொஞ்சம்.