பன்னீர்ச் செம்பில் ஒரு கோடு

இன்று காலை பன்னீர்ச் செம்பைச் சுற்றியிருந்த துணியைப் பிரித்தேன். உன் அத்தர் வாசம் குப்பென்று வந்தது. நீ கண்ணை மூடி இரண்டு நோன்புப் பெருநாள் ஆகிவிட்டது. வாசம் மட்டும் அலமாரியில் சட்டமாக உட்கார்ந்திருக்கிறது. எனக்குக் கோபம்தான் வந்தது. தோழிகள் இருவரும் சேர்ந்து திறந்த பழைய வெள்ளிக் கடையைக் காலிசெய்யும் வேலையை என் தலையில் கட்டிவிட்டு நீ பாட்டுக்குப் போய்விட்டாய்.

ஆம், கடையை மூடுகிறேன். ஜார்ஜ் டவுனில் நம் சந்து முழுக்க இப்போது காப்பிக் கடைகள். பழைய வெள்ளி வாங்க வருகிறவர்களைவிட அதோடு படம் எடுத்துக்கொள்ள வருகிறவர்கள் அதிகம். என் முட்டியும் ஒத்துழைப்பதில்லை. மற்றதெல்லாம் போய், இந்தச் செம்புதான் மிச்சம். அக்கரையில் பத்து காவான் ஊரிலிருந்து பாலம் தாண்டி வந்த ஒரு டாக்டர் தம்பி, மகள் கல்யாண வரவேற்புக்கு இதைத்தான் கேட்டார். அடியில் அசல் வெள்ளிக்குக் குத்தும் லண்டன் முத்திரை இருப்பதால் கேட்ட விலை தருகிறேன் என்றார். அந்தப் பணம் வந்தால் முட்டிக்கு ஆபரேஷன் செய்துகொள்ளலாம்.

"அசல்தான்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்க்கா."

நான் இதை வாங்கிய நாள் உனக்கு மறந்திருக்காது. கடை திறந்த புதிது. தொழுகை நேரம், நீ வீட்டுக்குப் போயிருந்தாய். லென்ஸை வைத்து முத்திரையைப் பார்த்தேன்: நடக்கும் சிங்கம், சிறுத்தைத் தலை, ஆண்டைக் காட்டும் எழுத்து, எல்லாம் பளிச்சென்று இருந்தன. உன்னைக் கேட்காமலே வாங்கிவிட்டேன். நீ வந்ததும், "வெள்ளிக்கிழமை வெள்ளி வாங்கியிருக்கேன். இனி வெள்ளியாக் கொட்டும் பாரு" என்று குதித்தேன். நம் ஊரில் ரிங்கிட்டையும் வெள்ளி என்றுதானே சொல்கிறோம்.

முத்திரைமேல் ஊதிப் பார்ப்பது எப்போதும் உன் வேலை. வேறொரு பழைய கரண்டியிலிருந்து முத்திரையை வெட்டிப் பற்றவைத்திருந்தால், மூச்சு படிந்ததும் அந்த ஒட்டு ஒரு கணம் கோடாகத் தெரியும். எனக்கு அது ஆகாது. சாமிக்கும் சபைக்கும் வைக்கிற வெள்ளியில் வாய்க்காற்றுப் பட்டாலே எச்சில் என்பது எங்கள் செட்டிநாட்டு வீட்டுப் பழக்கம். நீ ஊதி முடித்ததும் துணியோடு ஓடி வருவேன்.

"நல்லாத் தொடை ஆச்சி. கோடு இருந்தா அதுவும் சேந்து போயிரும்லா" என்று சிரிப்பாய்.

அன்று செம்பின் அடியில் இரண்டு முறை ஊதினாய். பிறகு நான் துணியோடு வருமுன் நீயே முந்தானையால் துடைத்தாய்.

"இத விக்க வேணாம் ஆச்சி. கடைக்கு ராசி. இருக்கட்டும்லா."

அதன்பின் யார் கேட்டாலும் விரட்டினாய். வியாபாரம் படுத்துக் கிடந்த நாட்களிலும் அதே பேச்சு. ராசியை உலையில் போட்டால் சோறாகுமா என்று நான் கத்தியிருக்கிறேன். நீ செம்பைத் துணியில் சுற்றி மேல் தட்டில் வைத்துவிட்டாய்.

இன்று டாக்டர் தம்பி எதிரே உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமே. ஊதுவதற்கு இனி நான்தானே இருக்கிறேன். வாயருகே கொண்டுபோகக் கூசியது. கண்ணை மூடிக்கொண்டு ஊதிவிட்டுத் திறந்தேன். முத்திரைகளைச் சுற்றி நான்கு பக்கமும் மெல்லிய கோடு. மூச்சு காய்ந்ததும் மறைந்தது. மறுபடி ஊதினேன். மறுபடி வந்தது.

அடிப்பாவி, உனக்கு அன்றே தெரியும். விற்றால் வாங்குகிறவரை ஏமாற்றியதாகும், சொன்னால் என் முகம் வாடிவிடும். அதற்காக இத்தனை வருஷம் ராசி ராசி என்று என்னை ஏமாற்றியிருக்கிறாய். உன்னைத் திட்டவா, கட்டிப்பிடித்து அழவா என்று தெரியவில்லை.

"என்னக்கா, லண்டன்தானே?"

ஆமாம் என்றால் முடிந்தது. முட்டி சுரீரென்றது.

"முத்திரை லண்டன்தான் தம்பி. செம்பு இல்ல. வேற எதுலயோ இருந்து வெட்டி எவனோ ஒட்ட வச்சிருக்கான்."

அவர் முகம் சுருங்கியது. "பரவால்லக்கா, பாக்க அழகாத்தான் இருக்கு. உள்ளூர் வெள்ளி விலைக்குக் குடுங்க."

"இல்ல தம்பி, விக்கிறதுக்கு இல்ல."

"ஏன்?"

"கடைக்கு ராசி."

அவர் காலி அலமாரிகளை ஒருமுறை பார்த்தார். எழுந்துபோனார்.

மிகவும் களைப்பாக இருக்கிறது. வீட்டுக்குப் போக மனமில்லாமல் இன்னொரு முறை ஊதினேன். பழக்கத்தில் கை துணியை எடுத்தது. துடைக்கவில்லை. கோடு தானாக மறையும்வரை பார்த்துவிட்டு, அப்படியே உன் துணியில் சுற்றி என் பையில் வைத்துக்கொண்டேன்.