ஜப்பான்காரனுக்குப் போட்ட இலை

அரியலூர்,
ஆடி அமாவாசை கழிந்து மூன்றாம் நாள்

அன்புள்ள நந்தினிக்கு,

சுவாதி எழுதுவது. அம்மாவும் தம்பியும் சுகம். மஸ்கட் வெயில் உன்னை என்ன பாடுபடுத்துகிறதோ. போனிலேயே கேட்டிருக்கலாம், ஆனால் போனை எடுத்தால் எனக்கு 'ம்', 'சரி' தவிர வேறு வராது என்பது உனக்குத் தெரியும். இதை நிதானமாகப் படி. படித்த உடனே உன் அப்பாவுக்கு போன் போடாதே.

உங்கள் வீட்டு வாளைப் பற்றித்தான். ஆவணியில் உனக்கு நிச்சயம், அதற்குள் அந்தப் பழி பிடித்த வாள் வீட்டைவிட்டுப் போக வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டதாகச் சொன்னாய். பர்மா போரில் தாத்தா ஒரு ஜப்பான் அதிகாரியைக் கொன்று பறித்தது என்று எழுதி நான் வேலை பார்க்கும் அருங்காட்சியகத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னாய். வழக்கம்போல் நானும் சரி என்றேன்.

ஆனால் எனக்கு இங்கே வேலையே வருகிற பொருளைத் துடைத்து, அளந்து, அது என்ன, எப்போது செய்தது என்று எழுதுவதுதான். கையில் எடுத்ததிலிருந்தே அந்த வாளில் ஏதோ உறுத்தியது. ராணுவ வாளில் இருக்க வேண்டிய எண் இல்லை, முத்திரை இல்லை. பிடியில் கயிறு சுற்றியதுபோல் இருப்பது கயிறே இல்லை, அச்சில் வார்த்த உலோகம். உறையோடு பூட்டும் பொத்தான் இருக்கிறது, உள்ளே கொக்கி இல்லை. விளிம்பு ஸ்கேல் மாதிரி மழுங்கல். தீட்டிய தடமே கிடையாது. படங்களை வாள்கள் பற்றித் தெரிந்த ஒருவருக்கு அனுப்பினேன். அவரும் அதையே சொன்னார். போர் முடிந்த பிறகு, ஜப்பானில் காவலுக்கு இருந்த வெளிநாட்டுச் சிப்பாய்கள் ஊருக்கு வாங்கிப் போவதற்காகவே செய்து விற்றது. அந்தச் சிப்பாய்களில் நம் ஆட்களும் உண்டு. தாத்தா இதைக் கடையில் வாங்கியிருக்கிறார், நந்தினி.

உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. தாத்தா தன் வாயால் யாரையும் கொன்றேன் என்று சொன்னதில்லையாம். ஊர் கேட்டபோது சும்மா இருந்தாராம், அவ்வளவுதான். கடைசியில், நீ என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள் என்றார். "சிந்தாமணிக்கு மட்டும் தெரிய வேணாம்மா. தாங்க மாட்டா." சொல்ல மாட்டேன் என்று வார்த்தை கொடுத்தேன்.

உன் சிந்தாமணி அத்தை கதை உனக்குத் தெரிந்ததுதான். எழுதிப் பார்த்தால்தான் எனக்கு அதன் கனம் புரிகிறது. பரிசம் போட்ட மாப்பிள்ளை லாரியில் அடிபட்டு இறந்தார். செத்த ஜப்பான்காரனின் பழி இந்த வீட்டுப் பெண்கள்மேல் இறங்குகிறது என்று ஜோசியர் சொன்னார். பிறகு ஒரு வரனும் வரவில்லை. பேர் தெரியாத அந்த ஜப்பான்காரனுக்கு அத்தை ஆண்டுதோறும் ஆடி அமாவாசையில் இலை போட்டுப் படைக்க ஆரம்பித்தார். அவர்கள் மீன் சாப்பிடுகிறவர்கள் என்று யாரோ சொல்ல, அமாவாசையில் மீன் கூடாது என்று பங்காளிகள் சண்டைக்கு வர, மறுநாளைக்குத் தள்ளி வைத்துக்கொண்டார்.

இந்த வருடம் மறுநாள் இங்கேயே வந்துவிட்டார். வாள் இங்கே இருக்கிறதே. பஸ் ஏறி, தூக்கில் விரால் குழம்பும் சோறும், பையில் வாழை இலையும் எலுமிச்சையுமாக வந்து நின்றார். வாட்ச்மேன் மாயவன் அண்ணனிடம், "உள்ள ஒருத்தருக்கு சோறு கொண்டாந்துருக்கேன் தம்பி" என்றாராம். அவர் எனக்குத்தான் என்று நினைத்து உள்ளே விட்டுவிட்டார்.

நான் வாயைத் திறக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். அத்தை இலை போட்டார். எலுமிச்சையை அறுத்து, வாளில் ரத்தம்போல் சிவந்த கறை இருக்கும் இடத்தில், வருடாவருடம் செய்வதுபோல் தேய்க்கக் கையைக் கொண்டுபோனார். என்னை அறியாமல் கையைப் பிடித்துவிட்டேன். எலுமிச்சை வேண்டாம் அத்தை, அந்தக் கறையே எலுமிச்சை அரித்து வந்ததுதான் என்று சொல்லிவிட்டேன். எந்த இரும்பாக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

அவர் பழத்தைக் கீழே வைத்தார். சின்னப் பெண்ணாக இருந்தபோது அதில் முகம் பார்த்திருக்கிறாராம், அப்போது கறையே இல்லையாம். வருடாவருடம் பெரிதாவதைப் பார்த்து, பழி இன்னும் தீரவில்லை என்று கூடுதலாகத் தேய்த்திருக்கிறார். அதற்குமேல் அவர் கேட்கக் கேட்க நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றையும் மறைக்க முடியவில்லை.

"அப்ப யாரும் சாவலையா?"

இல்லை என்றேன்.

"நா யாருக்குடி இத்தன வருசமா சோறு போட்டேன்?"

அத்தை இலையை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். மேலே ஜன்னலிலிருந்து பார்த்தேன். உங்கள் ஊர் பஸ் வந்தது, போனது. அவர் ஏறவில்லை. அடுத்ததும் போனது. இறங்கி ஓடினேன். வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லையாம். வேறு எங்கே போவது என்றும் தெரியவில்லையாம்.

அன்றிலிருந்து நான் தங்கியிருக்கும் அறையில்தான் இருக்கிறார். உன் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். தனக்குக் கொடுத்த வார்த்தையை மீறிவிட்டேனே என்று மட்டும் கேட்டார். அத்தை அழவில்லை. துவைத்த துணியையே மறுபடி துவைக்கிறார், வாசல்வரை போய்த் திரும்பி வருகிறார். எனக்கும் ஆபீஸில் உட்கார முடியவில்லை. மதியம் ஒருமுறை ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். நேற்று திடீரென்று உன்னைப் பற்றிப் பேசினார். "நந்தினி கட்டிக்கட்டும், கட்டிக்காம இருக்கட்டும். பயந்துக்கிட்டு எதுவும் செய்ய வேணாம்னு சொல்லு."

உன்னிடம் ஒன்றுதான் கேட்கிறேன். நிச்சயத்தன்று அத்தை பெரம்பலூரில் சொந்தக்காரர் வீட்டில் இருந்துகொள்ளட்டும் என்று உன் அப்பா ஏற்கெனவே சொல்லிவைத்திருக்கிறார். அத்தையின் முகம் நல்ல காரியத்தில் படக்கூடாது என்று எல்லோரும் நினைத்த காலத்துப் பேச்சு அது. நீ சம்மதிக்காதே. அத்தைக்கு நீயே போன் போட்டு, வாங்க அத்தை என்று கூப்பிடு. தட்டு மாற்றும்போது உன் பக்கத்தில் நிறுத்திக்கொள். மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளித்தால், அதையும் அப்போதே பார்த்துக்கொள்வது உனக்கு நல்லது.

நீ மனம்போல வாழ வேண்டும். சீக்கிரம் கூப்பிடு, நந்தினி. போன் அடிக்கும்போதெல்லாம் அத்தை திரும்பிப் பார்க்கிறார்.

உன்,
சுவாதி