ஞாயிற்றுக்கிழமைக் குடம்

இன்று காலை மின்சாரக் காரின் சார்ஜ் மூடியைத் திறந்தபோது ஆள்காட்டி விரலில் சிவப்பு ஒட்டியது. நீ வைத்த குங்குமம். போன ஆயுத பூஜைக்கு வைத்தது, இத்தனை மாதம் கழித்தும் தொட்டால் கையோடு வருகிறது. விரலைத் துடைக்க மனமில்லாமல் கொஞ்ச நேரம் காரைச் சுற்றி நடந்தேன். எதிர்வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "என்ன சார், வோட்டு போட்டீங்களா?" என்றார். மை நீலம் என்பதை அவருக்கு எடுத்துச் சொல்லும் நிலையில் நான் இல்லை.

நீ தை மாதத்தில் போனாய். காரின் மூன்று வருட வாரண்டி மாசியில் போனது. அன்று கம்பெனியிலிருந்து கைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. மூன்று ஆண்டு இனிய பயணத்தை நிறைவு செய்ததற்காக என்னைப் பாராட்டியிருந்தார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளில் நமக்குச் சந்தன மாலை போட்டுக் கை குலுக்கியது நினைவிருக்கிறதா? அதே அன்பு. மறுநாள் தொழிற்சாலை வாசலில் அடையாள அட்டையைக் கேட்டார்கள்.

இந்தக் காரை வாங்கச் சொன்னவன் நீ. அதை இங்கே எழுதி வைக்கிறேன், மறுக்க நீ வரமாட்டாய் என்ற தைரியத்தில். ஆவடித் தொழிற்சாலையில் நான் வரைபடப் பிரிவு, நீ மின்பராமரிப்பு. என் கோடு தப்பினால் ரப்பரால் அழிக்கலாம். உன் வேலையில் தப்பினால் அழிவது ஆள். அதனாலோ என்னவோ, நான் எதற்கும் பயப்படுகிறவனாகவும் நீ எதற்கும் பயப்படாதவனாகவும் ஆனோம். முறைப்படி பார்த்தால் தலைகீழாக இருந்திருக்க வேண்டும். குவார்ட்டர்ஸில் எதிரெதிர் வீடு. ஓய்வுக்குப் பின் சேக்காட்டில் அடுத்தடுத்த தெரு.

ஷோரூமுக்கு நான் ஒரு தாளில் இருபத்திரண்டு கேள்விகள் எழுதிக்கொண்டு போயிருந்தேன். ஒன்பதாவது கேள்வியில் நீ தாளைப் பிடுங்கிவிட்டாய்.

"இன்னா நைனா, பொண்ணு பாக்க வந்தியா, வண்டி பாக்க வந்தியா? பாவம், அந்த ஆளு தண்ணி கேக்குறான் பாரு."

நான் விடவில்லை. மூன்று வருடம் முடிந்தபின் இதை யார் பழுது பார்ப்பார்கள் என்று கேட்டேன். பேட்டரிக்கு எட்டு வருடம் உத்தரவாதம் உண்டு, மற்றதற்கு மூன்று, அதன்பின் கம்பெனி சர்வீஸிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்றார் விற்பனையாளர். வெளியே கொடுத்தால்? அவர் சிரித்தார். வெளியே யாராவது கை வைத்தால் பேட்டரி உத்தரவாதம் கேள்விக்குள்ளாகலாம் என்றார். அந்த "லாம்" என் வயிற்றில் மூன்று வருடம் இருந்தது.

நீ என் தோளைத் தட்டினாய். "நான் இன்னாத்துக்குக் கீறேன்? இன்ஜினே கெடையாது இதுல. சுவிச்சு போட்டா சுத்தப் போவுது. முப்பது வருசம் மிசினுக்கு வைத்தியம் பாத்தவன் பக்கத்துத் தெருவுல கீறான், உனுக்கு இன்னா பயம்?"

எனக்கு அது போதுமாக இருந்தது. இருபத்திரண்டு கேள்வியில், நீ எத்தனை வருடம் இருப்பாய் என்பது மட்டும் இல்லை.

வீட்டில் சார்ஜ் பாயிண்டையும் நீயே போட்டாய். காம்பவுண்டு மூலையில், நந்தியாவட்டைச் செடிக்குப் பக்கத்தில், குழி தோண்டிக் குழாய் இறக்கி, உப்பும் கரியும் கொட்டி மூடினாய். எர்த் சரியில்லையென்றால் இந்த வண்டி ஒரு சொட்டுக் கரண்டுகூட வாங்காது என்று ஏதோ சொன்னாய். நான் அப்போது உத்தரவாதப் புத்தகத்தின் பொடி எழுத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். நான் நிறையப் படிக்கிறவன் என்று உனக்குத் தெரியும்.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாது வந்தாய். என் வீட்டுப் பேப்பரை எனக்கு முன் படிப்பாய். சமையலறைக்குப் போய்ப் பச்சைக் குடத்தில் தண்ணீர் பிடித்து, இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு, அந்த மூலையில் சாய்த்து ஊற்றுவாய். மண் தண்ணீரை இழுக்கும்போது ஒரு சத்தம் வரும். "குடிக்குது பாரு நைனா" என்பாய். உனக்குப் பூச்செடி மேல் இவ்வளவு பிரியமா என்று நான் வியந்திருக்கிறேன். என் மனைவியிடம்கூடச் சொல்லியிருக்கிறேன், முரட்டு ஆளுக்குள் எவ்வளவு மென்மை என்று.

ஆயுத பூஜைக்கு வருவோம். முதல் வருடம் பொட்டு எங்கே வைப்பது என்று அரை மணி நேரம் விவாதித்தோம். ஸ்கூட்டருக்கு ஹெட்லைட், லேத்துக்குத் தலைப்பாகம். இதற்கு? பேட்டரி அடியில் இருக்கிறது, படுத்தால்தான் வைக்க முடியும். முன்மூடியைத் திறந்தால் கண்ணாடி கழுவும் தண்ணீர் டப்பா. அதற்குப் பொட்டு வைக்க உனக்கு மனம் ஒப்பவில்லை. கடைசியில் சார்ஜ் மூடியைத் திறந்தாய். "சோறு துன்ற எடம் இதான். இங்க வச்சா போதும்" என்று ஓரமாக, பின்களில் படாமல், அளந்து வைத்ததுபோல் வைத்தாய். மின்சாரம் பார்த்தவன் விரல்.

போன வருடம் அந்த விரல் நடுங்கியது. மாத்திரையால் என்றாய். சந்தனம் வழிந்து உள்பக்கம் ஓடியது, குங்குமம் அதன்மேல் சிதறியது. நான் பார்த்தேன். நீயும் பார்த்தாய். இருவரும் எலுமிச்சம்பழத்தைப் பற்றிப் பேசினோம். அன்றே ஒரு துணியால் நான் துடைத்திருக்கலாம். துடைத்தால் உன் கை நடுங்கியது என்று இருவருமே ஒப்புக்கொண்டது போலாகும் என்பதால் விட்டுவிட்டேன்.

பங்குனியில் சிக்கல் ஆரம்பித்தது. செருகினால் பச்சை விளக்கு எரியும், பத்து நிமிடத்தில் சிவப்பாகும், சார்ஜ் நின்றுவிடும். ஒருநாள் ஏறும், மூன்று நாள் ஏறாது. ஒரு கோடை மழை நாளில் மட்டும் ஒழுங்காக ஏறியது. அதை வண்டியின் மனநிலை என்று எடுத்துக்கொண்டேன்.

வேறு சமயமாக இருந்தால் பரவாயில்லை. வளைகாப்பு முடிந்து மகள் வீட்டுக்கு வந்திருக்கிறாள். முதல் பிரசவம். பார்க்கிற டாக்டர் அவள் மாமியார் வீட்டுப் பக்கம், காட்டுப்பாக்கத்தில். மருமகனுக்கு வெளியூரில் வேலை. வலி எடுத்தால் சேக்காட்டிலிருந்து பருத்திப்பட்டு, கரையான்சாவடி, குமணன்சாவடி தாண்டி நான்தான் ஓட்ட வேண்டும். வாடகை டாக்ஸி இருக்கிறதே என்கிறாள் என் மனைவி. அவள் ஒருமுறை அழைத்துப் பார்த்தாள். டிரைவர் எங்கே போகணும் என்று கேட்டான், காட்டுப்பாக்கம் என்றதும் லைனைத் துண்டித்தான். பிரசவ வலிக்கு இன்னும் கொஞ்சம் மரியாதை கிடைக்கும் என்று நம்ப எனக்கு வழியில்லை.

அந்தத் தூரத்துக்கு அரைச் சார்ஜ்கூட வேண்டாம் என்று எனக்குத் தெரியும். ஆனால் இரண்டு நாளாகப் பதினெட்டு சதவீதத்தில் நிற்கிற வண்டி மூன்றாம் நாள் என்னவாகும் என்று தெரியாது. தினமும் ஆறு முறை போய் எண்ணைப் பார்த்தேன். மகள் சொன்னாள், "அப்பா, என்னைவிட அதைத்தான் அதிகமா செக்கப் பண்றீங்க."

அம்பத்தூர்ப் பக்கம் உள்ள கம்பெனி சர்வீஸுக்குப் போனேன். நல்ல இடம். காபி தருகிறார்கள். டேப்லெட் வைத்திருந்த இளைஞர் மூடியைத் திறந்து டார்ச் அடித்தார்.

"உள்ள சிவப்பா ஏதோ இருக்கே சார். துருவா?"

"துரு இல்லை."

"அப்போ என்ன சார்?"

இறந்த நண்பனைக் காட்டிக்கொடுக்கும் இடம் இப்படிக் குளிரூட்டப்பட்டிருக்கும் என்று நான் நினைத்ததில்லை. "குங்குமம்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. அதற்கான கட்டம் டேப்லெட்டில் இல்லை போலிருக்கிறது. தேடிப் பார்த்துவிட்டு 'அந்நியப் பொருள்' என்று பதிந்தார். உன்னை ஆவடியில் பலர் பலவிதமாகத் திட்டியிருக்கிறார்கள், அந்நியன் என்று சொன்னவர் இவர் ஒருவர்தான். பிறகு மரியாதையாகவே விளக்கினார். அந்த சாக்கெட் முழுவதையும் மாற்ற வேண்டும். உதிரிபாகம் வடக்கேயிருந்து வர மூன்று வாரம் ஆகலாம். அதுவரை வண்டி அங்கேயே நிற்பது பாதுகாப்பு.

"மகளுக்கு ரெண்டு வாரத்துல பிரசவம்" என்றேன்.

"வாழ்த்துகள் சார்" என்றார்.

யோசித்துச் சொல்வதாக வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வழி முழுக்க உன்னோடு சண்டை. பக்கத்து இருக்கை காலியாக இருந்ததால் உரக்கவே போட்டேன். பொட்டு வைக்காவிட்டால் கார் கோபித்துக்கொள்ளுமா? நடுங்குகிற கையை வைத்துக்கொண்டு நான் வைக்கிறேன் நான் வைக்கிறேன் என்று ஏன் அடம் பிடித்தாய்? சிக்னலில் பக்கத்தில் பைக்கில் நின்றவர் திரும்பிப் பார்த்தார்.

சேக்காட்டில் மின்சார ஆட்டோக்களைப் பழுது பார்க்கிற செல்வியின் ஷெட் உனக்குத் தெரியும். புருஷன் ஆட்டோ ஓட்டுகிறார், இவர் ஆட்டோவைப் பிரிக்கிறார். நீ அங்கே நின்று அரட்டை அடிப்பாய், நான் தள்ளி நிற்பேன். அங்கே போனால் எட்டு வருட உத்தரவாதம் என்ன ஆகும் என்ற அந்த "லாம்" என்னை இரண்டு முறை தெருமுனையிலிருந்தே திருப்பி அனுப்பியது. மூன்றாம் முறை அவரே கூப்பிட்டுவிட்டார்.

"இன்னா சார், தெருவ அளந்துகினு கீறீங்க? உள்ள வாங்க. வண்டி கட்ச்சிடாது."

எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில், எதையும் பிரிக்கக் கூடாது என்றும் சொன்னேன். டாக்டரிடம் போய் என்னைத் தொடாமல் வைத்தியம் பார் என்று சொல்வது போலத்தான். அவர் தலையாட்டிவிட்டு மூடிக்குள் எட்டிப் பார்த்தார்.

"இது அண்ணாத்தே வச்சதா?"

"ஆமாம்."

"பின்னு மேல படவே இல்லியே சார். சுத்தி தான் ஒழுகிக் கீது. கை நடுங்கினாலும் எங்க நிறுத்தணும்னு தெரிஞ்சி கீது மன்சனுக்கு." நிமிர்ந்து கேட்டார், "வேற எடத்துல சார்ஜ் போட்டுப் பாத்தீங்களா?"

போடவில்லை. நீ போட்டுக்கொடுத்த இடம் இருக்க வேறெங்கே போடுவேன்?

தன் ஷெட்டிலேயே செருகினார். பச்சை. பத்து நிமிடம், இருபது நிமிடம், ஒரு மணி நேரம். அணையவே இல்லை. அந்த ஒரு மணி நேரத்தில் நான் குடித்த டீ மூன்று.

"வண்டி நல்லா தான் கீது. உங்க ஊட்ல தான் கோளாறு. வாங்க, எர்த்தப் பாத்துடலாம்."

ஒரு பல்பையும் இரண்டு ஒயரையும் எடுத்துக்கொண்டு வந்தார். எர்த்தில் வைத்தபோது பல்பு சீக்காளிபோல் மங்கி எரிந்தது. குழி எங்கே என்று கேட்டார். காட்டினேன். நந்தியாவட்டை காய்ந்து குச்சியாக நின்றது. நீ போன துக்கத்தில் அது வாடியதாக நான் நாலு பேரிடம் சொல்லி, அதில் இருவர் கண் கலங்கியிருந்தார்கள்.

"தண்ணி ஊத்தி எத்தினி நாளாச்சி சார்?"

"செடிக்கா?"

செல்வி என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும். "செடிக்கு இல்ல சார், எர்த்துக்கு. இந்த வெயில்ல மண்ணு காஞ்சா பூமி கரண்ட்ட எப்டி இழுக்கும்? வண்டிக்கு உள்ள கீற பொட்டி எர்த்து இல்லன்னா சார்ஜ கட் பண்ணிடும். அண்ணாத்தே சொல்லலியா?"

சொன்னாய். நான் பொடி எழுத்து படித்துக்கொண்டிருந்தேன்.

பச்சைக் குடத்தைக் கொண்டுவந்தேன். ஒரு குடம், இரண்டு குடம், ஒரு கை உப்பு. மூன்றாவது குடத்தில் அந்தச் சத்தம் கேட்டது. பல்பு பளிச்சென்று எரிந்தது. வண்டியைச் செருகினோம். பச்சை நின்றது.

செல்வி போன பிறகு மூடியைத் திறந்துவைத்து அந்தக் குங்குமத்தை வெகுநேரம் பார்த்தேன். இத்தனை நாளாக உன் விரலைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியிருந்தேன். கம்பெனியின் டேப்லெட்டில் வாக்குமூலமே கொடுத்துவிட்டேன்.

ஆனால் உனக்கு எழுத உட்கார்ந்தது அதற்காக அல்ல. ஆஸ்பத்திரியில் கடைசி வாரம், மூக்கில் குழாயோடு நீ என்னிடம் ஒன்று கேட்டாய். வீட்டைப் பற்றியோ பென்ஷனைப் பற்றியோ அல்ல. "ஞாயித்துக்கெழம தண்ணி ஊத்துனியா?" என்று கேட்டாய். சாகக் கிடக்கிறவனுக்குப் பூச்செடிக் கவலையா என்று நினைத்துக்கொண்டேன். "ஊத்தினேன்" என்றேன். ஊற்றவில்லை. நீ கண்ணை மூடிக்கொண்டாய். நிம்மதியாகத்தான் மூடினாய் என்று நினைக்கிறேன். அதுதான் இப்போது உறுத்துகிறது.

எங்கே சர்வீஸ் விடுவது என்பதை ஒருவாறு முடிவு செய்துவிட்டேன். பேட்டரியைப் பார்க்க வருடம் ஒருமுறை காபி தருகிற இடம். மற்றதற்கெல்லாம் செல்வி. இது சரியா என்று தெரியாது. எட்டாவது வருடத்தில் யாராவது "லாம்" என்று சொல்லலாம். இதைக் கேட்க ஆளில்லாமல் முடிவெடுத்தது இதுவே முதல்முறை.

மகளுக்கு இந்த வாரம் என்று தேதி சொல்லியிருக்கிறார்கள். வண்டியில் இப்போது தொண்ணூற்றாறு. இதை எழுதும்போதே இருமுறை போய்ப் பார்த்துவிட்டேன்.

இன்று ஞாயிறு. காலையில் குடத்தைத் தூக்கிக்கொண்டு மூலைக்குப் போனேன். காய்ந்த குச்சியின் அடியில் ஊற்றினேன். வாசற்படியில் வயிற்றைப் பிடித்தபடி நின்று மகள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, மாமா மாதிரியே இடுப்புல கை வச்சிக்கிட்டு ஊத்துறீங்க."

கையை எடுக்கவில்லை. மண் தண்ணீரை இழுத்தது.

"குடிக்குது பாரும்மா" என்றேன்.