இடது பக்கம் உட்கார்ந்திருந்தேன்

ஏனுங்க,

ஊரே உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது. நான் கூப்பிட்டது இந்த ஒரு சொல்லால்தான். கடிதத்துக்கென்று புதிதாக எதைத் தேடுவது?

நான் நன்றாக இருக்கிறேன். இந்த வருடம் மிளகு பரவாயில்லை; காப்பிப் பழம்தான் மழையில் பாதி உதிர்ந்துவிட்டது. நம் ஜீப் இன்னும் ஆள் ஏற்றிக்கொண்டு மஞ்சக்குட்டைக்கு ஓடுகிறது. வாங்கியவர் அதற்குப் பச்சைப் பெயிண்ட் அடித்திருக்கிறார், உங்களுக்குப் பிடித்திருக்காது. மகள் மலர் கோயம்புத்தூரிலிருந்து தினமும் பேசுகிறாள். எனக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது.

போன வாரம் வகுப்பில் கண் பாடம் எடுத்தேன். இத்தனை வருடமாகப் போர்டில் ஒரே படத்தைத்தான் வரைந்தேன்: வெளிச்சம் கண்ணுக்குள் போகும், விழித்திரையில் விழும், நரம்பு வழியாகத் தலையின் பின்பக்கம் உள்ள பார்வைப் பகுதிக்குப் போய்ச் சேரும். அம்புக்குறி எல்லாம் ஒரே திசை. இந்த முறை, மூளையின் மேல் பகுதிகளிலிருந்து அந்தப் பார்வைப் பகுதிக்குத் திரும்பி வருகிற அம்புகளையும் போட்டேன். கண் அனுப்பியதை வாங்கிக்கொண்டால் போதாதா, மேலே இருந்து வேறு எதற்குச் சொல்ல வேண்டும் என்று ஒரு மாணவி கேட்டாள். நாளைக்குச் சொல்கிறேன் என்று சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டேன். அதற்கு எனக்குத் தெரிந்த பதில் நீங்கள்தானே?

ஐப்பசி மழையில் ஒரு காலை, காப்பி டம்ளர் உங்கள் இடது கையிலிருந்து நழுவியது. சேலத்துக்குக் கொண்டு போனோம். மூளையின் வலது பக்கத்தில் ரத்தக்குழாய் அடைப்பு என்றார்கள். உயிருக்கு ஆபத்தில்லை, நடந்துவிடுவார் என்றதும் மலரும் நானும் அங்கேயே நின்று அழுதோம். அதைவிட வேறென்ன வேண்டும் என்று நினைத்துத்தான் உங்களை மலைக்குக் கூட்டி வந்தேன்.

முதல் நாளே பொரியல் வைக்கவில்லையா என்று கேட்டீர்கள். தட்டின் இடது பாதியில் அது அப்படியே இருந்தது. தட்டைத் திருப்பி வைத்தேன். இப்போது எங்கிருந்து வந்தது என்றீர்கள். கேலி பண்ணுகிறீர்கள் என்று சிரித்தேன். மறுநாள் நீங்களே சவரம் செய்துகொண்டு வந்தீர்கள். வலது கன்னம் வழவழவென்று இருந்தது, இடது கன்னத்தில் வெள்ளைத் தாடி தொடப்படாமல் இருந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு மாலை போனில் மலரிடம் நீங்கள் சொன்னது காதில் விழுந்தது. "உங்கம்மா என்கூட உக்கார்றதே இல்ல கண்ணு. ஊட்டுக்குள்ள எங்கதான் இருக்கறாளோ."

நான் உங்களுக்கு இடது பக்கம், கை எட்டும் தூரத்தில், வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

சேலத்து டாக்டரம்மா பொறுமைசாலி. உங்கள் கண்ணில் கோளாறில்லை, கண் அனுப்புவது முதலில் போய்ச் சேருகிற இடமும் நன்றாகவே இருக்கிறது என்று எனக்கு விளக்கினார். ஆனால் அந்த இடம் தானாக எல்லாவற்றையும் காட்டிவிடாதாம். அங்கே கவனி, அதைப் பெரிதாக்கு, இதை விடு என்று மேலே இருக்கிற பகுதிகள் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டுமாம். எலி, பூனை, குரங்கு, மனிதர், பாலூட்டிகள் எல்லாவற்றுக்கும் இதே கதைதானாம். ஒரே படத்தைக் காட்டினாலும், விலங்கு அதைக் கவனிக்கும்போது ஒரு மாதிரி, கவனிக்காதபோது வேறு மாதிரி அந்த முதல் இடம் வேலை செய்யுமாம். உங்களுக்கு இடது பக்கத்தைக் கவனி என்று சொல்லும் பகுதி அடிபட்டுவிட்டது.

"அவருக்கு அந்தப் பக்கம் இருட்டாத் தெரியறதில்லைம்மா. அந்தப் பக்கம்னு ஒண்ணு இருக்கறதே தெரியாது. அதனால குறையறதும் தெரியாது" என்றார்.

அதன்பின் தட்டின் இடது ஓரத்தில் சிவப்பு ரிப்பன் ஒட்டினேன். அதைக் கண்டுபிடித்த பிறகே முதல் கவளம். நீங்கள் முறைத்துக்கொண்டே தேடுவீர்கள். இடது பக்கமாகவே உட்கார்ந்தேன், இடது பக்கமாகவே கூப்பிட்டேன். நீங்கள் வலது பக்கம் திரும்பி என்னைத் தேடுவீர்கள்.

கைக்குப் பலம் வந்ததும் ஜீப் ஓட்டப் போகிறேன் என்று ஆரம்பித்தீர்கள். கண் தெரிகிறது, கை வருகிறது, இன்னும் என்ன என்று கேட்டீர்கள். மலர் சாவியை ஒளித்து வைக்கச் சொன்னாள். என்னால் முடியவில்லை. முப்பது வருடம் இந்த மலையில் வண்டி ஓட்டிய மனிதரிடமிருந்து, பிள்ளையிடமிருந்து பிடுங்குவதுபோல் எப்படி எடுப்பது? சாவி உங்கள் சட்டைப் பையிலேயே இருந்தது. திங்கட்கிழமை மஞ்சக்குட்டைக்கு முதல் ட்ரிப் என்று முடிவும் செய்துவிட்டீர்கள்.

அதற்கு முந்தைய நாள்தான் இஸ்மாயில் பாய் வந்தார். ஒண்டிக்கடை முக்கில் அவர் டீக்கடை வாசலில்தானே உங்கள் வண்டி நிற்கும்? படுத்தே கிடந்ததில் ஊர் மறந்துவிட்டதா என்று விளையாட்டாகச் சீண்டினார். கடையெல்லாம் வரிசையாகச் சொல்கிறேன், கேள் என்று கண்ணை மூடிக்கொண்டீர்கள். ஒண்டிக்கடையிலிருந்து ஏரி வரைக்கும் மனதுக்குள் வண்டி ஓட்டினீர்கள். பேக்கரி, மருந்துக்கடை, காப்பிக்கொட்டை அரைக்கும் கடை, ஸ்வெட்டர் விற்கிறவர். ஒன்று தவறவில்லை. ஏரி வந்துவிட்டது.

பாய் முகம் சுருங்கிவிட்டது. "என்ர கடைய உட்டுட்டீங்களேண்ணா" என்றார்.

அவர் கடை போகும்போது இடது கைப் பக்கம். நீங்கள் சொன்னதெல்லாம் வலது கைப் பக்கம். கண் மூடியிருந்தபோதும், நினைப்பில்கூட, உங்களுக்குப் பாதி ஊர் இல்லை.

"ஏனுங்க, இப்ப ஏரியில இருந்து திரும்பி வாங்க" என்றேன்.

மறுபடி கண்ணை மூடினீர்கள். பழக்கடை, தையற்கடை, செருப்புக்கடை, கடைசியில் இஸ்மாயில் பாய் டீக்கடை. வாசலில் தொங்கும் வாழைத்தாரைக்கூடச் சொன்னீர்கள். ஆனால் பேக்கரி போய்விட்டது. மருந்துக்கடையும் போய்விட்டது. இரண்டு பட்டியலையும் நான் மெதுவாகச் சொல்லச் சொல்ல, கண்ணைத் திறந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அந்த முகத்தை நான் எப்படி எழுதுவது?

கல்யாணத்துக்கு முன்னால், உங்கள் ஜீப்பில் பள்ளிக்கூடத்துக்கு வந்த நாட்களில் கூப்பிட்டதுபோலவே என்னைக் கூப்பிட்டீர்கள்.

"டீச்சர், மஞ்சக்குட்டை போறப்ப பள்ளம் எந்தப் பக்கங்க?"

"இடது பக்கமுங்க."

சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துப் பாயின் கையில் வைத்தீர்கள். ஆளைப் பார்த்து வண்டியைக் கொடுத்துவிடச் சொன்னீர்கள். பாய் அதை வாங்கிக்கொண்டு, துண்டால் முகத்தைத் துடைத்தபடி வெளியே போனார். உங்கள் மீது எனக்கு எப்போதும் மரியாதை உண்டு. அன்றைக்கு வந்தது வேறு மாதிரி மரியாதை. தனக்கே தெரியாத ஒரு குறை தனக்கு இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள எத்தனை பேரால் முடியும்?

அதற்குப் பிறகு நீங்களே பழகினீர்கள். நடக்கும்போது, "எடது, எடது" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு தலையைத் திருப்புவீர்கள். மூளை தானாகச் சொல்லாததை வாய் சொன்னது. கொஞ்சம் கொஞ்சமாகப் பொரியல் கிடைத்தது. தாடி மறைந்தது.

தை மாதம் ஒரு நாள் ஏரிக்கரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். எதிர்க்கரையைப் பனி மூடியிருந்தது. நான் கூப்பிடவில்லை, அசையவும் இல்லை. நீங்களும் "எடது" என்று சொல்லிக்கொள்ளவில்லை. சட்டென்று இடது பக்கம் திரும்பி என்னைப் பார்த்தீர்கள்.

"எப்ப வந்தீங்க டீச்சர்?"

இப்பத்தான் என்று பொய் சொன்னேன். வந்து நெடுநேரம் ஆகியிருந்தது. நீங்கள் என் கையை எடுத்து வைத்துக்கொண்டீர்கள், இடது கையால்.

அடுத்த காப்பிப் பருவம் வரைதான் நமக்குக் கொடுத்து வைத்திருந்தது. இரண்டாவது அடைப்பு மலை இறங்கக்கூட நேரம் தரவில்லை. நீங்கள் என்னைப் பார்க்காதிருந்த அந்த மாதங்களில், உங்கள் உலகத்தில் நான் எங்கே இருந்தேன்? இதைக் கேட்காமலேயே விட்டுவிட்டேன்.

நேற்று டாக்டரம்மா போன் செய்தார். நாகலூர்ப் பக்கம் ஒரு விவசாயி, உங்களைப் போலவே வலது பக்கம் அடைப்பாம். அவர் மனைவியிடம் என் நம்பரைக் கொடுத்திருக்கிறார். சற்று நேரத்தில் அந்தப் பெண்ணும் பேசினாள். "பக்கத்துலயே இருக்கறேனுங்க, திரும்பிக்கூடப் பாக்க மாட்டீங்கறாரு. என்ன தப்புப் பண்ணுனேனோ தெரியலீங்க" என்று அழுதாள்.

ஒரு தப்பும் இல்லை என்று சொன்னேன். போனில் சொன்னால் மனசுக்குள் இறங்காது, எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் ஊட்டுக்குப் போகிறேன். அந்தப் பெண் நம்பும் வரைக்கும் அவள் பக்கத்தில் இருப்பேன், எத்தனை ஞாயிறு ஆனாலும். இது உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு.

என்றும் உங்கள் ஊட்டுக்காரி,
சரசு டீச்சர்