பெல்லுக்குள் சந்தனம்

ஐப்பசி, வெள்ளிக்கிழமை.

என் மனைவி சரோஜாவின் அக்கா இன்று கீரப்பாளையத்திலிருந்து மஞ்சக்குப்பம் வரை பஸ் ஏறி வந்து, எங்கள் வாசலில் நின்றுவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். எதிர்வீட்டுப் பெண் சொல்லித்தான் தெரியும். பெல்லை அழுத்தி அழுத்திப் பார்த்தாராம். உள்ளே எங்களுக்குச் சத்தமே வரவில்லை. எங்கள் மகன் கல்யாணத்தில் வந்த சண்டைக்குப் பிறகு அவர் வந்ததே இன்றுதான்.

“நாம பாத்துட்டும் கதவ தொறக்கலன்னு நெனச்சிருப்பாங்க” என்று சரோஜா அழுதாள்.

மகன் போனில், “அந்தப் பெல்ல தூக்கிப் போடுப்பா, வயர்லெஸ் ஒண்ணு அனுப்புறேன்” என்றான். நானே ஒயர் இழுத்து மாட்டிய பெல். முடியாது என்று போனை வைத்துவிட்டேன்.

மெயினை அணைத்து வாசல் சுவிட்சைக் கழற்றினேன். இரண்டு ஒயரையும் முறுக்கிச் சேர்த்து மெயினைப் போட்டதும் பெல் அடித்தது. ஆக, குற்றம் சுவிட்சில்தான். மறுபடி மெயினை அணைத்து சுவிட்சைப் பிரித்தால், உள்ளே காய்ந்த சந்தனம். ஆயுத பூஜையன்று சரோஜா எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாள். இதற்குத் தாராளமாகவே வைத்திருக்கிறாள். தகடுகள் ஒன்றையொன்று தொட வழியில்லை. உப்புத்தாளால் தேய்த்து மாட்டினேன்.

அக்காவுக்குப் போன் போட்டோம். “சந்தனமா? நல்லா கதை கட்டுறீங்க” என்றார்.

சரோஜாவைப் போனை பெல்லுக்கு அருகில் பிடிக்கச் சொல்லிவிட்டு, வாசலுக்குப் போய் விடாமல் அழுத்தினேன். தெருவே எட்டிப் பார்த்தது. பார்க்கட்டும்.

உள்ளே சரோஜா சிரித்தாள். “போதும், நிறுத்தச் சொல்லுடி அந்த மனுசன. நாளைக்கி வந்து நானே அடிச்சிப் பாக்குறேன்” என்றாராம் அக்கா.

நாளை கதவைத் திறந்தே வைக்கப் போகிறாளாம் சரோஜா. கூடாது என்று சொல்லிவிட்டேன். அவர் பெல் அடித்த பிறகுதான் திறக்க வேண்டும்.