நீலத் தொப்பி

மார்ச் 4
மூளை ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து கடிதம். ஆட்டிசம் உள்ள பிள்ளையும் அம்மாவும் சேர்ந்து விளையாடும்போது இரண்டு பேர் மூளையும் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கிறார்களாம். இருவருக்கும் கம்பி வைத்த தொப்பி. "சிட்டு தலையில சீப்பையே வைக்க விடமாட்டா, தொப்பியா?" என்று சிரித்தார் அவள் அப்பா. எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் மகளுக்கு ஆறு வயசாகிறது, ஒரு தடவைகூட என் முகத்தைப் பார்த்ததில்லை. நான் ஒருத்தி இருக்கிறேன் என்பதாவது அவளுக்குத் தெரியுமா? அதைத் தெரிந்துகொள்ளத்தான் போகப்போகிறேன்.

மார்ச் 9
ஒத்திகை. குளிக்கும்போது போடும் நீல பிளாஸ்டிக் தொப்பியை மாட்டிவிட்டேன். வீசி எறிந்தாள். நானும் ஒன்றை மாட்டிக்கொண்டு, வீட்டு முன்னாலிருக்கும் என் தையல் கடையில் மெஷின் முன் உட்கார்ந்தேன்.

மார்ச் 15
எறிந்தாள். எடுத்தேன். எறிந்தாள்.

மார்ச் 21
போட்டுக்கொண்டாள்! ஆனால் நான் கழற்றினால் அலறுகிறாள். சாப்பிடும்போதும் இரண்டு தலையிலும் தொப்பி. பேன்ட் சுருக்க வந்தவர், "உள்ளேயே மழை பெய்யுதாங்க?" என்றார். கேட்டுட்டுப் போகட்டும், எனக்கென்ன.

ஏப்ரல் 2
போனோம். ஆராய்ச்சிக்காரப் பெண் எனக்கு முதலில் மாட்டினாள். சிட்டு தானாகவே தலையை நீட்டினாள்! அப்புறம் நான்தான் கெடுத்தேன். கடையிலிருந்து கொண்டுபோன பட்டன் டப்பாவைக் கொட்டி, "இது என்ன கலர்? இங்க பாரு. அம்மாவைப் பாரு செல்லம்" — வாய் ஓயவே இல்லை. அவள் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள். கூப்பிடுவதை விட்டுவிட்டேன். குனிந்து, கைப்பழக்கத்தில் பட்டன்களைப் பிரித்துக்கொண்டிருந்தேன் — இரண்டு ஓட்டை இங்கே, நாலு ஓட்டை அங்கே. நேரம் முடிந்தது. போச்சு, எல்லாம் போச்சு.

ஏப்ரல் 3
யாரோடும் பேசப் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 20
அந்த ஆராய்ச்சிக்காரப் பெண் கூப்பிட்டு, அன்று எடுத்த வீடியோவைக் காட்டினாள். "தொப்பியில பதிவான மூளைக் கோட்டை வெச்சு ஒரு பிள்ளையைப் பத்தி மட்டும் எதுவும் சொல்ல முடியாதுங்க, நிறைய பேரைச் சேர்த்துத்தான் பாக்கணும். ஆனா இதைப் பாருங்க."

நான் குனிந்து பட்டன் பிரிக்கும் கடைசி ஐந்து நிமிடம். சிட்டு மெதுவாகத் திரும்புகிறாள். என் கையைப் பார்க்கிறாள். அப்புறம் முகத்தை. மறுபடியும் முகத்தை. எண்ணினேன், ஒன்பது தடவை. நான் ஒரு தடவைகூட நிமிரவில்லை. ஐயோ, ஆறு வருஷமா இப்படித்தான் என்னைப் பாத்துட்டு இருந்தியாடி? அங்கேயே அழுதுவிட்டேன்.

ஏப்ரல் 26
தைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்றாள். அவள் மூச்சு கன்னத்தில் பட்டது. நிமிர்ந்து பார்க்க அப்படித் துடித்தது மனசு. ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் தலையில் நீலத் தொப்பியை மாட்டினாள். அப்புறம் தன் தலையில்.

கடை வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். "நாளைக்கு வாங்க" என்றேன், தலை நிமிராமலே.